ஜன்னல் ஸ்கிரீன், பிளைண்ட்ஸ், கொசுவலை: கழற்றுவது முதல் திரும்ப மாட்டுவது வரை

தூசியோடு தொங்கும் ஸ்கிரீனைக் கழற்றி அப்படியே வாளியில் முக்கினால், அந்தத் தூசி சேறாகி நூலிழைக்குள் இறங்கிவிடும். அப்புறம் எத்தனை முறை அலசினாலும் கீழ் மடிப்பில் ஒரு சாம்பல் நிறக் கோடு போகாமல் நிற்கும். இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எந்த சோப்பு, மெஷினா கையா என்று யோசிப்பதற்கு முன்னால், எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன. போர் தண்ணீர், தெருத் தூசி, கம்பி போட்ட ஜன்னல், மழைக்காலத்துப் பூஞ்சை எல்லாம் உள்ள தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எந்த மாதத்தில் கை வைப்பது

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஸ்கிரீனையும் சேர்த்துத் துவைப்பது பல வீடுகளில் வழக்கம். மெல்லிய துணி என்றால் பரவாயில்லை. உள்துணி வைத்துத் தைத்த கனமான ஸ்கிரீனுக்கு அந்த நேரம் சரிவராது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். இரண்டு நாள் கொடியில் கிடந்தும் முழுதாகக் காயாமல் முடை நாற்றம் பிடித்துக்கொள்ளும். அந்த நாற்றத்தைப் போக்க மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும்.

கனமானவற்றைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். தீபாவளிக்கு மேல்தூசி தட்டி, மெல்லிய திரைகளை மட்டும் துவைத்தால் போதும். மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை எல்லாவற்றையும் பூஞ்சைக்காகப் பார்க்க வேண்டும். பொங்கலை ஒட்டித் துவைத்தால், போகி கழிந்த பிறகு மாட்டுங்கள். போகி காலையில் தெருவில் எரிக்கும் புகையைத் துவைத்த துணி அப்படியே பிடித்துக்கொள்ளும். கன்னியாகுமரி, நீலகிரிப் பக்கம் ஜூன், ஜூலையிலும் மழை உண்டு என்பதால் அங்கே பிப்ரவரி, மார்ச் நல்லது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பேருந்து போகும் சாலையோரம் என்றால் மூன்று மாதம். உள்தெரு என்றால் ஆறு மாதம். உள்துணி உள்ள கனத்த ஸ்கிரீனை அடிக்கடி நனைப்பதே அதற்குக் கேடு. அவ்வப்போது தூசி எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை துவைக்கலாம். சமையலறை ஜன்னல் துணிக்கு மாதம் ஒருமுறை தேவைப்படும். என்னைக் கேட்டால் சமையலறையில் துணியே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய துணி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குவது ஆபத்தும்கூட.

2. துணி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ரெடிமேட் ஸ்கிரீன் என்றால் பின்பக்க ஓரத் தையலில் ஒரு சின்ன நாடா இருக்கும். அதில் தண்ணீர்த் தொட்டி படத்துக்குள் 30 என்று போட்டிருந்தால் 30 டிகிரி செல்சியஸ் வரை துவைக்கலாம். தொட்டிக்குள் கை படம் இருந்தால் கையால் மட்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரே கூடாது. தனியாக ஒரு வட்டம் இருந்தால் டிரை கிளீனிங்.

தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த ஸ்கிரீனில் இந்த நாடா இருக்காது. அப்போது கீழ் மடிப்பின் உள்ளிருந்து ஒரு நூலை இழுத்து, இடுக்கியில் பிடித்து, சிங்குக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து மென்மையான சாம்பல் மிஞ்சினால் பருத்தி. உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டியான மணி போல நின்றால் பாலியஸ்டர். முடி கருகுகிற வாசனை வந்தால் பட்டு. ஊடும் பாவும் வேறு வேறு நூலாக இருக்கலாம் என்பதால் குறுக்கில் ஒன்று, நெடுக்கில் ஒன்று என இரண்டு நூலையும் பார்த்துவிடுங்கள்.

பருத்தி முதல் துவையலில் சுருங்கும். 7 அடி ஸ்கிரீன் 3 சதவீதம் சுருங்கினாலே இரண்டரை அங்குலம் மேலே ஏறிவிடும். அதனால் பச்சைத் தண்ணீர் மட்டும். புதிதாகத் தைக்கக் கொடுப்பவர்கள் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துக் கொடுப்பதும், கீழ் மடிப்பைத் தாராளமாக விடச் சொல்வதும் நல்லது. பாலியஸ்டர் சுருங்காது, ஆனால் வெந்நீரில் கசங்கினால் அந்தக் கசங்கல் இஸ்திரிக்கும் போகாமல் நின்றுவிடும். பட்டு, வெல்வெட், ஜரிகை வேலை செய்தவற்றைச் சலவைக் கடைக்கே அனுப்புங்கள்.

வெளிச்சத்தை மறைக்கிற பிளாக்அவுட் ஸ்கிரீனில் இரண்டு வகை உண்டு. பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ரப்பர் மாதிரி வழுவழுப்பாக இருந்தால் அது பூச்சு. பிழிந்தாலோ, சூடு பட்டாலோ பூச்சு வெடித்து, பகலில் ஊசித்துளை ஊசித்துளையாக வெளிச்சம் வரும். அதைச் சரிசெய்ய வழியில்லை. இரண்டு பக்கமும் துணியாகவே இருந்தால் நடுவில் கறுப்பு நூல் வைத்து நெய்தது. சாதாரண பாலியஸ்டர் போலத் துவைக்கலாம்.

கடைசியாகச் சாயம். வெள்ளைக் கைக்குட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஸ்கிரீனின் உள்மடிப்பில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணியைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும், ஊறவைக்கவும் கூடாது.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஏணி ஸ்டூல் ஒன்று கட்டாயம். பிளாஸ்டிக் நாற்காலி மேலும் சோபாவின் கைப்பிடி மேலும் ஏறி நின்று ராடைக் கழற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. இரண்டு கையும் மேலே இருக்கும்போது கால் வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது. ஏறும் முன் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் சுவிட்சைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

மூக்குக்கு மாஸ்க். பிரஷ் முனையோடு வேக்குவம் கிளீனர். இல்லையென்றால் மென்மையான நார் பிரஷ். பழைய டூத் பிரஷ், பழைய சீப்பு. பழைய பனியன் துணி நாலைந்து. இதைவிடத் தூசி பிடிக்கும் துணியைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பழைய தலையணை உறை, நாடா, வலைப்பை. கொக்கிகளைப் போட மூடி உள்ள டப்பா. காகித டேப், பேனா. சலவைத் திரவம், பாத்திரம் கழுவும் திரவம், வெள்ளை வினிகர், சமையல் சோடா.

ஒரு எச்சரிக்கை. குளோரின் பிளீச்சையும் வினிகரையும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடும் சேர்க்காதீர்கள். இரண்டிலுமே குளோரின் வாயு கிளம்பும்; காற்றோட்டமில்லாத குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

4. தொங்கும்போதே தூசி எடுப்பது

ஸ்கிரீனைக் கழற்றிய பிறகு உதறலாம் என்று விடாதீர்கள். கழற்றும்போதே பாதித் தூசி கட்டில் மீதும் உங்கள் தலை மீதும் விழும். ஜன்னல் பக்கத்துக் கட்டில், சோபாவின் மேல் பழைய போர்வையை விரியுங்கள். ஸ்கிரீனை முழுதாக இழுத்து மூடி, மடிப்புகளைப் பிரித்துவிடுங்கள்.

மேலிருந்து கீழாக, முன்பக்கமும் பின்பக்கமும், வேக்குவத்தைக் குறைந்த இழுப்பில் வைத்துப் போங்கள். அதிக இழுப்பில் துணி உறிஞ்சப்பட்டு இழை இழுபடும். அதிகத் தூசி இருப்பது மூன்று இடங்களில்: மேலே வளையத்தைச் சுற்றிய மடிப்பு, ஜன்னலை ஒட்டிய ஓரம், கீழ் மடிப்பின் உள்பை. இந்தக் கீழ் மடிப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் விரலை விட்டுப் பாருங்கள்; பஞ்சும் மணலும் உருண்டையாக வரும். அதோடு தண்ணீரில் போட்டால் மேலே சொன்ன சாம்பல் கோடு நிச்சயம்.

பின்மடிப்பில் பல்லி முட்டை ஒட்டியிருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். மண்கூட்டின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். செம்மண் கரைந்து துணியில் ஏறிவிடும். குளவி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காய்ந்த நிலையிலேயே விரலால் நொறுக்கி, பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பல்லி எச்சத்தையும் அப்படியே, காய்ந்த பிறகு பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சுரண்டி எடுக்க வேண்டும்.

5. கழற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு அறை. ஒரே நாளில் எல்லா ஜன்னலையும் மொட்டையாக்கிவிட்டு, இரவு வெளிச்சம் போட்டுக்கொண்டு வெளியே தெரிய உட்கார்ந்திருப்பது சிரமம். கொடியிலும் இடம் போதாது.

கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் எது, கொக்கி எந்த வரிசையில், மேலே உள்ள சின்னத் தொங்கல் எப்படி மடிக்கப்பட்டிருந்தது என்பது நான்கு நாள் கழித்து நினைவிருக்காது. ராடைக் கழற்றும்போது முதலில் ஒரு முனையின் குமிழைத் திருகி எடுத்து, மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல இறக்குங்கள். தனியாக இழுத்தால் மறுமுனை பிராக்கெட்டின் திருகாணி சுவரிலிருந்து பெயர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் கொக்கி வைத்த ஸ்கிரீன் என்றால் ஒரு கொக்கி விடாமல் எடுத்து டப்பாவில் போடுங்கள். மேல் நாடாவின் சுருக்குக் கயிற்றை அவிழ்த்துத் துணியைத் தட்டையாக்க வேண்டும். சுருக்கோடு துவைத்தால் அந்த இடம் காயவே காயாது. கயிற்றை முழுதாக உருவிவிடாமல் முனையில் முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

காகித டேப்பில் 'ஹால் இடது' என்பது போல எழுதி அந்தந்த டப்பாவிலும் ராடிலும் ஒட்டுங்கள். துணியில் ஒட்ட வேண்டாம். துணிக்கு மேல் மூலையில் வண்ண நூலால் ஒரு தையல் போதும்.

6. ஸ்கிரீன் இல்லாத இடைவெளியில் ஜன்னல்

ஸ்கிரீனைத் துவைத்து மாட்டிவிட்டு அப்புறம் ஜன்னலைத் துடைப்பவர்கள் உண்டு. அந்தத் தூசியெல்லாம் துவைத்த துணியில்தான் போய் உட்காரும். ஜன்னல் வெறுமையாக இருக்கும் இந்த இடைவெளிதான் அதற்கு நேரம். மேலிருந்து வாருங்கள்: ராடு, பிராக்கெட், கொசுவலை, கம்பி, கண்ணாடி, சட்டம்.

வெல்க்ரோவில் ஒட்டிய கொசுவலையை நடுவில் பிடித்து இழுக்காதீர்கள். வெல்க்ரோ ஓரத்தையே பிடித்து, மற்றொரு விரலால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டையை அழுத்திக்கொண்டு பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் பட்டையும் சேர்ந்து பெயர்ந்து வரும். வந்துவிட்டால் பழைய பசையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, எண்ணெய் போகச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே புதுப் பட்டை ஒட்டுங்கள். ஈரத்திலும் எண்ணெயிலும் எந்தப் பசையும் நிற்காது.

வலையைக் குளியலறைத் தரையிலோ மாடியிலோ தட்டையாக விரித்து, சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷை ஒரே திசையில் ஓட்டிக் கழுவுங்கள். ஃபைபர் கிளாஸ் வலையை மெஷினில் போடுவதும், பிழிவதும், மடிப்பதும் கூடாது. மடித்த கோட்டில் இழை முறியும். சுருட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். வெல்க்ரோவின் முள் பக்கத்தில் சிக்கிய பஞ்சைப் பழைய சீப்பின் நுனியால் வாரி எடுங்கள். வலை ஒட்டாமல் தொங்குவதற்குப் பெரும்பாலும் இந்தப் பஞ்சுதான் காரணம், வெல்க்ரோ பழையதானது அல்ல. மடிப்பு மடிப்பாக நகரும் பிளீட்டட் வலைக்கு வேக்குவமும் லேசான ஈரத்துணியும் போதும். அதன் உள்ளே ஓடும் நூல்களை இழுத்துவிட்டால் மறுபடி சமன் செய்வது கடினம்.

நகரும் அலுமினிய ஜன்னல் என்றால் கீழ்த் தண்டவாளத்தைக் கவனியுங்கள். முதலில் காய்ந்த தூசியை டூத் பிரஷ்ஷால் கிளறி வேக்குவத்தால் எடுத்துவிட்டு, பிறகே தண்ணீர். அதன் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. மண் அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வழிந்து ஸ்கிரீனின் அடியை நனைத்துப் பூஞ்சை வரவைக்கும். ஈர்க்குச்சியால் குத்தித் திறந்து, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வெளியே போகிறதா என்று பாருங்கள்.

இரும்புக் கம்பியில் துருப் பொடி இருந்தால் உப்புக் காகிதத்தால் தேய்த்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசிக் காயவிடுங்கள். அந்தத் துருதான் மழைக்காலத்தில் ஸ்கிரீனில் பழுப்புக் கோடாகப் பதிகிறது.

7. கறைகளைத் தனியே கவனிப்பது

முழுத் துணியையும் நனைக்கும் முன் கறைகளை முடித்துவிட வேண்டும். நனைந்த பிறகு எங்கே இருந்தது என்று தெரியாது, எண்ணெய்க் கறைக்குள் திரவமும் இறங்காது.

எண்ணெய்ப் பிசுக்கு: காய்ந்த துணியின் மேலேயே பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு விரலால் தடவிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். விளக்குக் கரி: தேய்த்தால் பரவும். முதலில் வேக்குவத்தால் உறிஞ்சி, சமையல் சோடா தூவி அரை மணி கழித்துத் தட்டிவிட்டு, மிஞ்சியதை எண்ணெய்க் கறை போலவே கையாளுங்கள். பால்பாயிண்ட் பேனாக் கிறுக்கல்: அடியில் பழைய துணி வைத்து, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு மேலிருந்து ஒற்றுங்கள். மை அடித்துணிக்கு இறங்கும்.

துரு: வெள்ளைப் பருத்தியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் சற்று நேரம் விட்டு அலசினால் மங்கும். துருவின் மேல் பிளீச் ஊற்றினால் அது இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிடும்.

பூஞ்சைக் கரும்புள்ளிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் மாஸ்க் போட்டுக்கொண்டு, துணியை வெளியே கொண்டுபோய், காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பரவும். வெள்ளைத் துணி என்றால் ஆக்சிஜன் பிளீச் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். வண்ணத் துணியில் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, புள்ளிகளில் தெளித்து அரை மணி விடலாம், ஓரத்தில் சோதித்த பிறகு. பழைய பருத்தியில் சில புள்ளிகள் நிழல் போல நின்றுவிடும். அதற்காகக் கல்லில் அடித்துத் துணியைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். பூஞ்சை செத்துவிட்டால் போதும்.

8. துவைப்பது

முதலில் வெறும் தண்ணீர். பெரிய டப்பில் நிறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஸ்கிரீனைப் பதினைந்து, இருபது நிமிடம் போட்டு, அமுக்கி எடுத்துக் கொட்டுங்கள். தேநீர் நிறத்தில் இறங்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று முறை. இதற்குப் பிறகே சோப்பு. இந்தப் படியைத் தாண்டிவிட்டால் சோப்பெல்லாம் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். ராத்திரி முழுக்க ஊறவிடுவது வேண்டாம். சாயம் இறங்கும், உலோக வளையம் துருப்பிடிக்கும், நம் ஊர் வெக்கையில் நாற்றமும் வரும்.

மெஷினில் போடுவதானால் வளையங்களை எல்லாம் ஒன்றுசேர்த்துத் தலையணை உறைக்குள் நுழைத்து நாடாவால் கட்டுங்கள். இல்லையென்றால் அவை டிரம்மிலும் கதவுக் கண்ணாடியிலும் மோதிக்கொண்டே இருக்கும். மெல்லிய வலைத்திரையை ஜிப் வைத்த வலைப்பையில் போடுங்கள். 7 கிலோ மெஷினில் இரண்டு, மிஞ்சினால் மூன்று கதவு ஸ்கிரீன். டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால்தான் துணி புரண்டு அழுக்கு வெளியேறும். கனத்த ஸ்கிரீனை ஒற்றையாகவும் போடாதீர்கள். ஸ்பின் நேரத்தில் எடை ஒரு பக்கம் சேர்ந்து மெஷின் குதிக்கும். மென்துணிக்கான ஓட்டம், குறைந்த ஸ்பின்.

கையால் துவைப்பது என்றால் அமுக்கி அமுக்கி எடுப்பதுதான் முறை. முறுக்கிப் பிழிந்தால் நீளத் துணி கோணலாகி, தொங்கவிடும்போது ஒரு மூலை இறங்கும். பூச்சு போட்ட பிளாக்அவுட்டை ஊறவைக்காமல், தட்டையாக விரித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த பனியன் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, சுத்தமான ஈரத்துணியால் மறுபடி துடையுங்கள்.

போர் தண்ணீர் கடினமாக உள்ள ஊர்களில் சோப்புக்கட்டி வேண்டாம். தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது சுண்ணாம்புப் பிசுக்காகத் துணியில் தங்கும். ஸ்கிரீன் விறைத்துப் போவதும் வெள்ளை மங்குவதும் அதனால்தான். சலவைத் திரவம் பயன்படுத்தி, கடைசி அலசலில் வாளிக்கு அரைக் கப் வெள்ளை வினிகர் விடுங்கள். பிளீச் பயன்படுத்திய துணிக்கு இதைச் செய்யக் கூடாது. கடைசித் தண்ணீருக்கு மட்டும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வெள்ளைத் திரைக்குச் சொட்டு நீலம் போடுபவர்கள் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே துணியை முக்குங்கள்.

9. காயவைப்பது

கொடிக்கயிற்றை ஒரு ஈரத்துணியால் முழு நீளத்துக்கும் துடைத்துவிட்டுத்தான் துணியைப் போட வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் விரிப்பது வேண்டாம், பாசிக்கறை ஏறும். இரண்டு கொடிகளுக்கு நடுவே, ஒன்றில் ஒரு ஓரமும் மற்றதில் மறு ஓரமுமாகப் பந்தல் போலப் போட்டால் காற்று இரண்டு பக்கமும் ஓடிச் சீக்கிரம் காயும். உள்பக்கம் வெளியே தெரியும்படி, நிழலில். நேர் வெயில் சாயத்தைத் தின்றுவிடும். வெள்ளைக்கும் பூஞ்சை பிடித்ததற்கும் மட்டும் வெயில் நல்லது.

பாலியஸ்டருக்கு ஒரு சுலப வழி: தண்ணீர் சொட்டாத அளவு காய்ந்ததும், லேசான ஈரத்தோடேயே ராடில் மாட்டி, மடிப்புகளை நீவி, ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டுவிடுங்கள். துணியின் எடையே கசங்கலை இழுத்துவிடும், இஸ்திரி தேவைப்படாது. மழைநாளில் இதைச் செய்யாதீர்கள். ராடு துருப்பிடித்திருந்தாலும் செய்யாதீர்கள்.

பருத்தியை அரை ஈரத்தில், உள்பக்கமிருந்து, நீளவாக்கில் இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்டால் சுருங்கிய நீளத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பூச்சுப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

10. பிளைண்ட்ஸ்

எல்லா பிளைண்ட்ஸுக்கும் பொதுவானது ஒன்று: மேலே உள்ள பெட்டிக்குள் தண்ணீர் போகக் கூடாது. கயிறும் பற்சக்கரமும் அங்கேதான் இருக்கின்றன.

அலுமினியப் பட்டை வெனிஷியன்: கீழே முழுதாக இறக்கி, பட்டைகளை ஒரு பக்கமாகச் சாய்த்து மூடுங்கள். மேலிருந்து கீழாகக் காய்ந்த துணியால் துடையுங்கள். மறுபக்கமாகச் சாய்த்து மறுபடியும். அதன் பிறகே ஈரத்துணி. பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவே ஒவ்வொரு பட்டையாக, ஏணிக்கயிற்றிலிருந்து வெளிநோக்கி இழுத்தால் மேலும் கீழும் ஒரே இழுப்பில் சுத்தமாகும். மற்றொரு கையால் பட்டையைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை மடங்கிய அலுமினியம் நேராகாது. மரப்பட்டை என்றால் காய்ந்த துணி மட்டும். ஈரத்தில் அது நெளியும்.

ரோலர், ஜீப்ரா: முழுதாக இறக்கி, வேக்குவம் போட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றித் துடைத்து, முழுதாகக் காயும்வரை இறக்கியபடியே விடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் உள்ளே பூஞ்சை பிடிப்பது நிச்சயம். வட்ட வட்டமாகத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ஜீப்ராவில் முன், பின் என இரண்டு அடுக்கு இருப்பதால் நடுவில் தூசி தங்கும். பட்டைகள் விலகி நிற்கும்படி வைத்து ஒரு பக்கம் துடைத்து, சற்று நகர்த்தி மறு பகுதியைத் துடைக்க வேண்டும். சாலையோர வீட்டுக்கு ஜீப்ரா வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். சாதாரண ரோலரே போதும்.

அலுவலகங்களில் தொங்கும் நெட்டுப் பட்டை வகையில் ஒவ்வொரு பட்டையையும் மேல் கொக்கியிலிருந்தும் அடிச் சங்கிலியிலிருந்தும் கழற்றலாம். தட்டையாக வைத்துத் துடைத்து, மடிக்காமல் தொங்கவிட்டுக் காயவையுங்கள். துணி மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் ரோமன் வகையில் மேலே வெல்க்ரோ இருக்கும். பின்னால் உள்ள குச்சிகளை உருவி எடுத்துவிட்டுத் துணியைத் துவைக்கலாம். கயிறு எந்த வளையம் வழியாகப் போகிறது என்று படம் எடுத்த பிறகே கழற்றுங்கள்.

வேலை முடிந்ததும் இழுக்கும் கயிற்றையும் சங்கிலியையும் சுவரில் உள்ள பிடிப்பில் உயரமாக மாட்டிவிடுங்கள். வளையமாகத் தொங்கும் கயிறு சின்னக் குழந்தையின் கழுத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கட்டிலும் தொட்டிலும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

11. மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி

மூங்கில் தட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய், குச்சிகளின் வாக்கிலேயே நார் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, அன்றே வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். ஓரத்தில் வைத்துத் தைத்த துணிப் பட்டைதான் கடைசியில் காயும். அதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீழே மாவு போல மஞ்சள் பொடி கொட்டியிருந்தால் மூங்கில் உளுக்கிறது. அந்தத் தட்டியை உடனே மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.

வெட்டிவேர்த் தட்டிக்கு சோப்பு ஆகாது, வாசனை போய்விடும். கோடையில் தினமும் நனைப்பதால் இரவில் காற்றாடக் காயவிட வேண்டும். சீசன் முடிந்ததும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வைத்து, செய்தித்தாளில் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் அடுத்த சித்திரையில் பூஞ்சையோடுதான் திறப்பீர்கள்.

12. திரும்ப மாட்டுவது

மாட்டும் முன் பிராக்கெட் திருகாணிகளை ஒருமுறை இறுக்குங்கள். ராடு காய்ந்திருக்கட்டும். வளையம் இழுக்கச் சிக்கினால் ராடின் மேல்புறத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துத் துடைத்துவிடலாம்.

வளையம் வைத்த ஸ்கிரீனில் வளையங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும், இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பதற்காக. அதனால் முதல் வளையத்தில் ராடை முன்பக்கமிருந்து நுழைக்க வேண்டும். ஓரம் அறைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கோர்த்தது தலைகீழ், கழற்றி மாற்றுங்கள். வெளிப்புறக் கடைசி வளையத்தை மட்டும் பிராக்கெட்டுக்கும் குமிழுக்கும் நடுவில் விட்டுவிட்டால், இழுக்கும்போது ஸ்கிரீன் முழுதாக நகர்ந்து வராது.

தரைக்கும் கதவு ஸ்கிரீனுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இருக்கட்டும். தரை துடைக்கும் தண்ணீர் தொட்டுத்தொட்டுத்தான் அடி மடிப்பு கறுக்கிறது. பருத்தி சுருங்கிக் குட்டையாகியிருந்தால் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கலாம்.

13. அடுத்த துவையல் வரை

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வீடு பெருக்கும் முன், ஸ்கிரீனை மூடி பிரஷ் ஓட்டினால் துவைக்கும் இடைவெளி நீளும். பெருக்கிய பின் செய்தால் மறுபடி பெருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஸ்கிரீன் ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி நிற்காமல் நடுவில் முடிந்து வையுங்கள். தீபாவளி இரவில் சுருட்டி மேலே கட்டி, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். பாலியஸ்டரில் ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டை விழும். சாம்பிராணி போடும் நேரத்தில் ஸ்கிரீனை ஒதுக்கி ஜன்னலைத் திறந்துவிட்டால் புகைப் பிசுக்கு ஏறாது.

மிஞ்சிய கொக்கி, வளையம், குமிழ், வெல்க்ரோத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அறைப் பெயர் எழுதி, ஏணி ஸ்டூல் இருக்கும் இடத்திலேயே மாட்டி வையுங்கள். ராடின் மாடல் மாறிவிட்டால் அதே அளவுக் குமிழோ கொக்கியோ கடையில் கிடைப்பது கடினம்.